மூளைக்காய்ச்சல்: பாக்டீரியாவா, வைரஸா? டெல்டாவில் பிரித்தறியும் முறை

ஐப்பசி, கார்த்திகை வந்தால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் காய்ச்சல் வார்டுகள் நிரம்பிவிடும். டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு, சாதாரண வைரஸ் காய்ச்சல் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். அந்தக் கூட்டத்துக்குள் தலைவலியும் கழுத்துப் பிடிப்புமாக வரும் ஓரிருவரைத் தவற விடாமல் பிடிப்பதும், பிடித்தபின் பாக்டீரியாவா வைரஸா என்று தீர்மானிப்பதும் எப்படி என்பதற்கான வழிகாட்டி இது. முதல் பகுதி வீட்டாருக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் பயன்படும். அதற்குப் பிறகு வருவது நர்ஸ்கள், பயிற்சி மருத்துவர்கள், கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு விழிக்கும் உறவினர்களுக்கு.

மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் உறைகளில் வரும் அழற்சியைப் பற்றித்தான் இங்கே பேச்சு. பாக்டீரியாவால் வந்தால் சில மணி நேரத்தில் ஆளை வீழ்த்திவிடும். பிழைத்தவர்களிலும் காது கேளாமை, வலிப்பு, படிப்பில் பின்தங்கல் தங்கிவிடும். வைரஸால் வந்தால், நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாகத் தணிந்துவிடும். சிக்கல் என்னவென்றால் முதல் நாளில் இரண்டும் ஒரே முகத்தோடு வரும். கட்டிலருகே நின்று கையால் தொட்டுப் பார்த்து உறுதியாகப் பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. அதனால் ஒழுங்கு இப்படித்தான்: சந்தேகம் வந்த நொடியில் பாக்டீரியா என்றே வைத்துக்கொண்டு மருந்தைத் தொடங்க வேண்டும். பிரித்துப் பார்ப்பதெல்லாம் அந்த மருந்தை நிறுத்தலாமா என்று முடிவெடுக்கத்தான்.

வீட்டிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்க்க வேண்டியவை

காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு, நினைவில் மந்தம் ஆகிய நான்கையும் கேளுங்கள். பெரியவர்களுக்கு வரும் பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் ஏறக்குறைய 95 சதவீதம் பேருக்கு இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்கும். நான்கும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருந்தால் பாதிப் பேரைக் கோட்டை விடுவோம். வாந்தி, வெளிச்சம் கூசுதல், வலிப்பு ஆகியவை கூடவே வரலாம். எவ்வளவு வேகத்தில் முற்றியது என்பதும் முக்கியம். காலையில் வயலுக்குப் போனவர் மாலையில் உளறுகிறார் என்றால் பாக்டீரியா பக்கம் சாயும். மூன்று நான்கு நாளாகத் தலைவலியும் உடம்பு வலியுமாக இருந்து, ஆனால் தெளிவாகப் பேசிச் சாப்பிடுகிறவர் என்றால் வைரஸ் பக்கம் சாயும். இரண்டு மூன்று வாரமாக மாலைக் காய்ச்சல், எடை குறைவு, மெல்ல மெல்லக் கூடும் தலைவலி என்றால் காசநோயை நினைக்க வேண்டும்.

கழுத்தைச் சோதிக்கும் முறை: தலையணையை எடுத்துவிட்டு மல்லாக்கப் படுக்க வையுங்கள். பின்தலைக்கு அடியில் கையைக் கொடுத்து, முகவாய் நெஞ்சைத் தொடும்படி மெதுவாக முன்னால் மடக்குங்கள். உறை அழற்சியில் முன்னால் மடக்கும்போது மட்டும்தான் விறைக்கும்; பக்கவாட்டில் திருப்பினால் தலை லேசாகத் திரும்பும். வயதானவரின் கழுத்தெலும்புத் தேய்மானத்தில் எல்லாப் பக்கமும் பிடிக்கும். இடுப்பை மடக்கி முழங்காலை நீட்டிப் பார்க்கும் கெர்னிக் குறிக்குப் பாடப்புத்தகத்தில் பெரிய இடம் உண்டு. ஆனால் நோய் இருப்பவர்களிலும் வெகு சிலருக்கே அது தென்படும். அது இல்லை என்பதை நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

தோலில் சிவப்போ கருநீலமோ ஆன புள்ளிகள் இருந்தால் கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். மறையாவிட்டால் அது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். மெனிங்கோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் பரவும்போது இப்படி வரும். நம்மூர்க் கறுத்த தோலில் இது எளிதில் கண்ணில் படாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணின் உள்இமை, மேலண்ணம் ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். டெங்குவிலும் இப்படிப் புள்ளி வரும் என்பது உண்மைதான். ஆனால் ஆள் அரை மயக்கத்தில் இருக்கும்போது அந்த விவாதத்துக்கு நேரமில்லை.

கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் கழுத்து விறைக்காது. பால் குடிக்க மறுப்பது, கீச்சென்ற அழுகை, தூக்கினால் இன்னும் அதிகமாக அழுவது, துவண்டு கிடப்பது, உச்சிக்குழி புடைத்திருப்பது ஆகியவைதான் அறிகுறிகள். பிறந்து ஒரு மாதத்துக்குள் என்றால் காய்ச்சலுக்குப் பதிலாக உடம்பு சில்லிட்டும் இருக்கலாம். உச்சிக்குழியைக் குழந்தை அழாதபோது, நிமிர்த்திப் பிடித்துத் தடவிப் பாருங்கள். அழும்போது எல்லாக் குழந்தைக்கும் புடைக்கும்.

இதற்குமேல் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள்? காய்ச்சல் என்றதும் பக்கத்து மெடிக்கலில் இரண்டு வேளை மாத்திரை, அல்லது தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி என்பது இங்கே வழக்கம். "ஊசி போட்டாங்க, பேர் தெரியல" என்று சொன்னால் விடாதீர்கள். மாத்திரை அட்டையையும் சீட்டையும் யாராவது ஒருவரை அனுப்பி எடுத்து வரச் சொல்லுங்கள். அரைகுறையாகப் போன ஆன்டிபயாடிக், பின்னால் எடுக்கும் எல்லாப் பரிசோதனையையும் குழப்பிவிடும்.

சந்தேகம் இருந்தால் 108-ஐ அழைத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி நான்கிலும் அந்த வசதி உண்டு. வேதாரண்யம், முத்துப்பேட்டை மாதிரி தூரத்து ஊரிலிருந்து போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றாலோ, மறையாத புள்ளிகளோ ரத்த அழுத்த வீழ்ச்சியோ இருந்தாலோ, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸைக் கொடுத்து அனுப்புவது சரி. பெரியவர்களுக்கு செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம், குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 100 மி.கி. (மொத்தம் 2 கிராமுக்கு மிகாமல்). மருந்தின் பெயர், அளவு, கொடுத்த மணி, நிமிடம் எல்லாம் பரிந்துரைச் சீட்டில் இருக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீரோ காபியோ ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கொண்டு போங்கள்.

மருத்துவமனையில் முதல் ஒரு மணி நேரம்

மூச்சு, ரத்த ஓட்டம், குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்த்ததும் ரத்த கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கவும். கூடவே ரத்த குளுக்கோஸுக்கு ஒரு மாதிரி லேபுக்குப் போக வேண்டும். முதுகில் தண்டுநீர் (மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீர்) எடுக்கும் அதே வேளையில் எடுத்த ரத்த குளுக்கோஸ் இல்லாவிட்டால் பின்னால் வரும் ரிப்போர்ட் பாதி பயனற்றது. வார்டில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான்.

தடை ஏதும் இல்லை என்றால் உடனே தண்டுநீர் எடுத்துவிட்டு மருந்து. தடை இருந்தாலோ, ஆள் இல்லை, அறை இல்லை என்று தாமதமானாலோ, மருந்தை முதலில் கொடுத்துவிட வேண்டும். வந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் உள்ளே போயிருக்க வேண்டும். பெரியவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் (அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு) 10 மி.கி., அதனோடு அல்லது அடுத்த நொடியில் செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம் (12 மணி நேரத்துக்கு ஒருமுறை), வான்கோமைசின் கிலோவுக்கு 15 முதல் 20 மி.கி. வயது 50-ஐத் தாண்டியவர், கர்ப்பிணி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், குடிப்பழக்கத்தால் உடல் நலிந்தவர் என்றால் லிஸ்டீரியாவுக்காக ஆம்பிசிலின் 2 கிராம், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. செஃப்ட்ரியாக்சோன் அந்தக் கிருமியைத் தொடாது. பச்சிளங்குழந்தைக்கு மருந்துத் தேர்வு வேறு. கால்சியம் கலந்த டிரிப் ஓடும்போது செஃப்ட்ரியாக்சோன் கொடுக்கவே கூடாது. குழப்பமான பேச்சு, நடத்தை மாற்றம், வலிப்பு முன்னே நின்றால், மூளைத் திசுவே தாக்கப்பட்டிருக்கலாம் என்று வைரஸுக்கான மருந்தான அசைக்ளோவிரையும் சேர்க்கவும்.

எல்லோருக்கும் சி.டி. ஸ்கேன் தேவையில்லை. ஒரு பக்கம் கை கால் பலவீனம், புதிதாக வந்த வலிப்பு, ஆழ்ந்த மயக்கம், கண்ணின் பின்புறத்தில் நரம்பு வீக்கம், எச்.ஐ.வி. போன்ற எதிர்ப்புச் சக்திக் குறைவு, முன்பே மூளையில் கட்டி ஆகியவை இருந்தால் மட்டும் ஸ்கேன் முதலில். அப்படி ஸ்கேனுக்கு அனுப்புவதானால் ரத்த கல்ச்சரும் மருந்தும் முடிந்த பிறகே ஸ்ட்ரெச்சர் நகர வேண்டும். டெங்கு மாதங்களில் இன்னொன்று: தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையைப் பார்க்காமல் முதுகில் ஊசி வைக்காதீர்கள். 40,000, 50,000-க்குக் கீழே இருந்தால் பொதுவாக எடுப்பதில்லை.

தண்டுநீர் எடுப்பது

கையெழுத்துக் கேட்டதும் அம்மாவோ மாமியாரோ சொல்வது: "முதுகுல குத்துனா கால் விளங்காமப் போயிடும்னு சொல்றாங்களே, சார்?" அதட்டாமல் பதில் சொல்லுங்கள்: "தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிஞ்சிடுதும்மா. நாங்க ஊசி வைக்கிறது அதுக்குக் கீழ, நரம்பு இழையெல்லாம் தண்ணியில மிதக்குற இடம். இதைப் பார்க்காம விட்டாத்தான் காது, கண்ணு போகும்." பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்பின் முதல், இரண்டாம் எலும்புக்கு இடையில் முடிகிறது. பச்சிளங்குழந்தைக்கு இன்னும் கீழே வரை இறங்கியிருக்கும். அவர்களுக்கு 4-5 இடைவெளியே பாதுகாப்பு.

முதுகு கட்டில் ஓரத்துக்கு வரும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால் வயிற்றைத் தொடும்படி மடக்கச் சொல்லுங்கள். மேல் தோள் முன்னால் சரியக் கூடாது. முதுகு சுவர் போலச் செங்குத்தாக நிற்க வேண்டும். குத்துவது தவறிப்போவதற்கு ஊசி பிடிப்பவரைவிட நோயாளியைப் பிடிப்பவரே பெரும்பாலும் காரணம். இரண்டு இடுப்பெலும்பு முகடுகளையும் சேர்க்கும் கோடு நான்காவது எலும்பின் மேல் செல்லும். அதற்கு மேல் அல்லது கீழ் இடைவெளியில் ஊசி, முனை தொப்புளை நோக்கி. நீர் வந்ததும் காலைத் தளர்த்தச் சொல்லி அழுத்தம் அளக்கவும்: 6 முதல் 20 செ.மீ. வரை இயல்பு. பாக்டீரியாவில் பெரும்பாலும் 20-ஐத் தாண்டி நிற்கும்; வைரஸில் இயல்பாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும்.

பாட்டில்கள்: முதலாவது சர்க்கரை, புரதத்துக்கு (சர்க்கரைக்கான குழாயில் ஃப்ளூரைடு இருக்கட்டும்). இரண்டாவது கிராம் ஸ்டெயின் (சாயமிட்டு நுண்ணோக்கியில் கிருமி தேடுவது), கல்ச்சருக்கு. மூன்றாவது செல் எண்ணிக்கைக்கு. நான்காவது பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைத் தேடும்) சோதனைக்கு. ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மி.லி. காசநோய் சந்தேகம் இருந்தால் அதற்கு மட்டும் 6 மி.லி.யாவது கொடுங்கள், நான்கு சொட்டில் கிருமி தேடினால் கிடைக்காது. பெரியவர்களிடம் மொத்தம் 10 மி.லி. எடுப்பதில் ஆபத்தில்லை.

குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பின்னால் அச்சிட்ட தாள் ஒன்றை வைத்துப் பாருங்கள். எழுத்து துல்லியமாகத் தெரிந்தால் நீர் தெளிவு. அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியிருந்தால் பாக்டீரியா என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கண்ணுக்குக் கலங்கல் தெரிய ஒரு கன மில்லிமீட்டருக்குச் சுமார் 200 வெள்ளணு வேண்டும். தெளிவாக இருக்கிறது, அதனால் வைரஸ்தான் என்று அங்கேயே முடிவெடுக்காதீர்கள்.

மாதிரி கையிலேயே லேபுக்குப் போக வேண்டும். அறை வெப்பத்தில் நியூட்ரோஃபில்கள் (பாக்டீரியாவை எதிர்க்கும் வெள்ளணு வகை) ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கும், இரண்டு மணியில் பாதியும் சிதைந்துவிடும். பிற்பகலில் எடுத்து மாலைவரை டிரேயில் கிடந்த நீரில் செல் குறைந்து வைரஸ் போலத் தெரிவது இப்படித்தான். கல்ச்சர் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் ஆகிய பாக்டீரியாக்கள் குளிரில் செத்துப்போகும். வைரஸ் பி.சி.ஆர். மாதிரியைத்தான் 4 டிகிரியில் வைக்க வேண்டும். இரண்டையும் மாற்றி வைத்தால் இரண்டும் வீண்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

வெள்ளணு எண்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு; சர்க்கரை, புரத எண்கள் ஒரு டெசிலிட்டருக்கு (100 மி.லி.).

பாக்டீரியா: வெள்ளணு பெரும்பாலும் 1,000 முதல் 5,000, அதில் 80 சதவீதத்துக்கு மேல் நியூட்ரோஃபில். சர்க்கரை 40 மி.கி.க்குக் கீழ். புரதம் 100 முதல் 500 மி.கி.

வைரஸ்: வெள்ளணு 10 முதல் சில நூறு, அபூர்வமாக 1,000. லிம்ஃபோசைட் (இன்னொரு வெள்ளணு வகை) மிகுதி. சர்க்கரை இயல்பு. புரதம் இயல்பு அல்லது 150-க்குள்.

காசநோய்: வெள்ளணு 50 முதல் 500, லிம்ஃபோசைட் மிகுதி. ஆனால் சர்க்கரை குறைவு, புரதம் அதிகம். அசையாமல் வைத்தால் மேலே மெல்லிய நூலாம்படை படியலாம்.

இதில் ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் சில எண்கள் தனியாகவே பேசும்: சர்க்கரை 34-க்குக் கீழ், தண்டுநீர் சர்க்கரை ரத்தச் சர்க்கரையில் 0.23 பங்குக்குக் கீழ், புரதம் 220-க்கு மேல், வெள்ளணு 2,000-க்கு மேல், நியூட்ரோஃபில் 1,180-க்கு மேல். திடீரென்று தொடங்கிய நோயில் இவற்றில் ஒன்று இருந்தாலே பாக்டீரியா ஏறக்குறைய உறுதி. எதிர்த்திசையில் இது செல்லாது. ஒன்றுமே இல்லை என்பதால் பாக்டீரியா இல்லை என்று ஆகிவிடாது.

சர்க்கரை நோயாளிகளிடம் கவனம். ரத்தத்தில் 320, தண்டுநீரில் 80 என்று வந்தால், 80 நல்ல எண்ணாகத் தெரியும். விகிதம் போட்டால் 0.25, அது பாக்டீரியாவின் எண். இயல்பில் 0.6 பங்கு இருக்க வேண்டும், 0.4-க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கும். ரத்தச் சர்க்கரை மிக உயரத்தில் இருக்கும்போது விகிதமும் கொஞ்சம் தானாகவே இறங்கும் என்பதால், மற்ற எண்களோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இங்கே தண்டுநீரில் லாக்டேட் அளவு உதவும்: ஆன்டிபயாடிக் போகுமுன் எடுத்த நீரில் லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்கு மேல் என்றால் பாக்டீரியா பக்கம். ரத்தத்தில் சி.ஆர்.பி. (அழற்சியில் உயரும் ஒரு புரதம்) இயல்பாக இருப்பது பாக்டீரியாவுக்கு எதிரான நல்ல சாட்சி. அது உயர்ந்திருப்பது அவ்வளவு பேசாது.

கிராம் ஸ்டெயினில் கிருமி தெரிந்தால் கேள்வி முடிந்தது. தெரியாவிட்டால் முடியவில்லை. நிமோகாக்கஸ் பத்தில் ஒன்பது பேரிடம் தெரியும். லிஸ்டீரியா மூன்றில் ஒருவரிடம்தான்.

ரிப்போர்ட் ஏமாற்றும் இடங்கள்

வைரஸின் முதல் 24 முதல் 48 மணி நேரத்தில் நியூட்ரோஃபில் மிகுந்திருக்கும். நோயாளி தெளிவாக, சர்க்கரை இயல்பாக இருந்து நியூட்ரோஃபில் மட்டும் 70 சதவீதம் என்றால், மருந்தைத் தொடர்ந்தபடியே 12 முதல் 24 மணி கழித்து மறுபடி நீர் எடுத்தால் லிம்ஃபோசைட்டாக மாறியிருக்கும். பொன்னுக்கு வீங்கி (மம்ப்ஸ்) வைரஸ் தண்டுநீர்ச் சர்க்கரையையும் குறைக்கும்.

முன்பே ஆன்டிபயாடிக் போயிருந்தால் கல்ச்சர் சீக்கிரம் வெறுமையாகிவிடும். ஊசி போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் மெனிங்கோகாக்கஸ் மறைந்துவிடும்; நிமோகாக்கஸ் நான்கு மணி நேரம் தாண்டினால் மறையத் தொடங்கும். அரை நாள் தாண்டினால் சர்க்கரை ஏறி, புரதம் இறங்கத் தொடங்கும். செல் எண்ணிக்கை அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஆகவே மெடிக்கல் மாத்திரை சாப்பிட்டு வந்தவரின் "கல்ச்சரில் வளர்ச்சி இல்லை" என்ற வரியை வைரஸ் என்று படிக்கக் கூடாது. பாக்டீரியா பி.சி.ஆர். வசதி இருந்தால் அதற்கு இதுவே சரியான இடம். செத்த கிருமியையும் அது கண்டுபிடிக்கும்.

குத்தும்போது ரத்தம் கலந்துவிட்டால், 500 முதல் 1,000 சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளணு, 1,000 சிவப்பணுவுக்கு ஒரு மி.கி. புரதம் என்று கழித்துப் பாருங்கள். இந்தக் கணக்கு தோராயம்தான். கழித்தபின் கிடைத்த எண்ணை வைத்து மருந்தை நிறுத்தும் துணிவு வேண்டாம்.

காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் சோதனை வெறுமையாக வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. கதை பொருந்தினால் மருந்து தொடங்கலாம்.

டெல்டாவின் வேஷக்காரர்கள்

பாடப்புத்தகத்தின் இரண்டு கட்டத்துக்குள் அடங்காத, ஆனால் மருந்து உள்ள மூன்றாவது கூட்டம் இங்கே உண்டு. ரிப்போர்ட் வைரஸ் போல வந்ததும் இவற்றைத் தேடாமல் வீட்டுக்கு அனுப்புவது நம் பகுதியில் செய்யக்கூடிய பெரிய பிழை.

உண்ணிக்காய்ச்சல் முதலில். வரப்போரப் புதரில் இருக்கும் சிறு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. குளிர்ந்த மாதங்களில் கூடும். கடித்த இடத்தில் நடுவில் கருத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்பு. வலியோ அரிப்போ இருக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிமடிப்பு, இடுப்புக் கயிற்றின் கீழ், காதின் பின்னால் என்று துணியை விலக்கிப் பார்க்க வேண்டும். பெண்களைப் பெண் நர்ஸ் பார்க்கட்டும். தண்டுநீரில் லிம்ஃபோசைட், மிதமான புரதம், சர்க்கரை இயல்பு அல்லது சற்றுக் குறைவு. செஃப்ட்ரியாக்சோனுக்கு இது அசையாது. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின்தான் மருந்து.

எலிக்காய்ச்சல் அடுத்தது. நடவு, களையெடுப்பு, மழைநீரில் நடந்தது, காலில் வெடிப்பு, கெண்டைக்கால் தசையைப் பிடித்தால் கத்தும் வலி, சீழில்லாத கண் சிவப்பு. முதல் காய்ச்சல் தணிந்து இரண்டு மூன்று நாள் கழித்துத் தலைவலியோடு மறுபடி வரும்போது உறை அழற்சி தெரியும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நெல்வயல் கொசுவால் பரவுவது. இந்தியாவில் மனிதரிடம் முதலில் கண்டறியப்பட்டதே 1955-ல் அன்றைய வட ஆர்க்காட்டில்தான். பன்றியும் கொக்கும் அதன் இருப்பிடம். பெரும்பாலும் மயக்கம், வலிப்பு, கை கால் விறைப்பு என்று மூளையையே தாக்கும். தண்டுநீரில் ஐ.ஜி.எம். (இந்த வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) பார்க்கச் சொல்லுங்கள்; முதல் சில நாளில் வெறுமையாக வரலாம்.

மருந்தை எப்போது நிறுத்துவது

ஆன்டிபயாடிக் முன்பே போகாதவர், தண்டுநீர் வைரஸ் போல, கிராம் ஸ்டெயின் வெறுமை, ரத்தமும் தண்டுநீரும் 48 மணி கல்ச்சரில் வளர்ச்சியின்மை, ஆள் தெளிவு. இத்தனையும் சேர்ந்தால் நிறுத்தலாம். வைரஸ் மூளைக்காய்ச்சலுக்கு அடிக்கடி காரணமாகும் என்டெரோவைரஸ் பி.சி.ஆரில் உறுதியானால் அதற்கு முன்பே நிறுத்தலாம். 29 நாள் முதல் 19 வயது வரை ஐந்து கேள்விகள் உதவும்: கிராம் ஸ்டெயினில் கிருமி, தண்டுநீரில் நியூட்ரோஃபில் 1,000-க்கு மேல், புரதம் 80-க்கு மேல், ரத்தத்தில் நியூட்ரோஃபில் 10,000-க்கு மேல், வலிப்பு. ஐந்தும் இல்லை என்றால் பாக்டீரியாவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. முன்பே ஆன்டிபயாடிக் சாப்பிட்ட குழந்தைக்கு இந்தக் கணக்கு செல்லாது. நம் வார்டில் அப்படிச் சாப்பிடாத குழந்தை கிடைப்பதுதான் கடினம். அவர்களுக்கு முழுக் கோர்ஸ் கொடுத்துவிடுவதே நல்லது: மெனிங்கோகாக்கஸுக்கு 7 நாள், நிமோகாக்கஸுக்கு 10 முதல் 14 நாள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

மெனிங்கோகாக்கஸ் என்று தெரிந்தால் மட்டும், ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் எச்சில் பட நெருங்கியவர்களுக்கும் தடுப்பு மருந்து: பெரியவர்களுக்கு சிப்ரோஃப்ளாக்சாசின் 500 மி.கி. ஒரே டோஸ், கர்ப்பிணிக்கு செஃப்ட்ரியாக்சோன் 250 மி.கி. தசை ஊசி. நோயாளியை மருந்து தொடங்கி 24 மணி வரை தனியே வைக்கவும். நிமோகாக்கஸுக்கும் வைரஸுக்கும் இந்த ஏற்பாடு வேண்டாம். தெரு முழுக்க மாத்திரை கொடுப்பதில் பயனில்லை. குழந்தைகளின் தடுப்பூசி அட்டையில் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி), நிமோகாக்கல் ஊசி இரண்டும் முடிந்ததா என்று பாருங்கள். முதலாவது தமிழ்நாட்டில் 2011 டிசம்பர் முதலும், இரண்டாவது 2021 முதலும் அரசு மையங்களில் இலவசம்.

பாக்டீரியா என்று உறுதியானவர் வீடு திரும்பிய நான்கு வாரத்துக்குள் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். கைக்குழந்தைக்கு இதைத் தள்ளிப்போட முடியாது. உள்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துவிட்டால் கேட்க உதவும் காக்ளியர் கருவியை உள்காதில் பொருத்துவது கடினமாகிவிடும். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்கான தேதியை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.